ப்ரோக்ராமுக்கும் ஒரு ஐ.டி. கார்டு!

காலேஜ் கேட்ல வாட்ச்மேன் அண்ணன் உங்களை நிறுத்தி, 'ஐ.டி. கார்டு எங்கே தம்பி?'னு கேட்டிருக்காரா? கேட்காம விட்டிருக்க மாட்டார். கழுத்துல டேக் தொங்கலைன்னா ஹெச்.ஓ.டி. ரூம் வரைக்கும் பஞ்சாயத்து போகும். நாமளும், 'இந்தக் காலேஜ்ல இதுக்கு மட்டும் குறைச்சல் இல்லடா!'னு முணுமுணுத்துக்கிட்டே பையைத் துழாவுவோம்.

அப்படி முணுமுணுத்த ஆளுதான் நானும். 2017-ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணும்போதுதான், ஐ.டி. கார்டு எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது. அதுவும் மனுஷனுக்கு இல்லை... ஒரு ப்ரோக்ராமுக்கு! அதைப் புரிஞ்சுக்க நான் கொடுத்த விலை ஒரு நல்ல சிநேகிதன்.

கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க லேப்டாப்லயும் ஒரு ப்ராஜெக்ட் ஓடிக்கிட்டு இருந்தா, இதைப் படிச்சு முடிச்ச கையோட அதை ஒரு தடவை திறந்து பார்ப்பீங்க.

நாலு பேரு... ஒரே சாவி!

எங்க டீம்ல நாலு பேர். லீடர் ஒரு பொண்ணு. எங்களுக்கு அவ 'லீடரம்மா'. ரெக்கார்டு நோட்டுல இருந்து ரிவ்யூ தேதி வரைக்கும் எல்லாம் அவ கையில. அடுத்து என் ரூம்மேட். அவன் பேர் இங்கே வேண்டாமே... நான் அவனை 'மாப்ள'ன்னுதான் கூப்பிடுவேன். மூணாவது ஆள் ரிப்போர்ட் பைண்டிங் பண்ற அன்னிக்கு மட்டும் தரிசனம் தருவான். நாலாவது நான். கோடு எழுதுற ஆள்ங்கற கர்வம் தலைக்கு மேல ஒரு முழம் உசரத்துல நின்ன காலம் அது.

ப்ராஜெக்ட் ரொம்ப சிம்பிள். காலேஜ் பஸ் எந்த ஸ்டாப்புல வந்துக்கிட்டு இருக்குன்னு மொபைல்ல காட்டணும். பஸ்ல இருக்குற ஜி.பி.எஸ். கருவி தகவலை அனுப்பும். அதை வாங்கி கிளவுட்ல சேமிச்சு வைக்க ஒரு ப்ரோக்ராம். அவ்வளவுதான்.

கிளவுட் கணக்கு திறக்க கிரெடிட் கார்டு வேணும்னு கேட்டாங்க. நமக்கு ஏது கிரெடிட் கார்டு? மெஸ் பில்லே அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டிருக்கோம்! லீடரம்மாவோட அக்கா அப்பதான் சென்னையில வேலைக்குச் சேர்ந்திருந்தாங்க. சம்பளம் 18 ஆயிரம். வாழ்க்கையில முதல் கிரெடிட் கார்டு. 'ஒரு வருஷத்துக்கு ஃப்ரீக்கா, ஒரு ரூபாகூடப் போகாது'ன்னு நாலு பேரும் ஸ்பீக்கர் போன்ல சத்தியம் பண்ணி கார்டு நம்பரை வாங்கினோம்.

அங்கேதான் முதல் தப்பு ஆரம்பிச்சது. ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. நாலு பேருக்கும் தெரியும். சரி, ப்ரோக்ராம் எப்படி உள்ளே போகும்? நாம உள்ளே போகணும்னா பாஸ்வேர்டு அடிக்கலாம், போனுக்கு ஓ.டி.பி. வந்தா பார்த்துச் சொல்லலாம். ப்ரோக்ராமுக்கு ஏது போன்? அதனால அதுக்கு 'ஆக்சஸ் கீ'ன்னு ரெண்டு நீளமான எழுத்துக்கோவை கொடுப்பாங்க. அதுதான் அதோட சாவி.

ஒழுங்கான ஆளா இருந்தா, 'இந்த ப்ரோக்ராம் இந்த ஒரு ஃபோல்டர்ல மட்டும் எழுதலாம், படிக்கலாம்'னு அளந்து ஒரு தனி அடையாளம் உண்டாக்கி, அதுக்கு ஒரு சாவி கொடுத்திருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் சார் அதெல்லாம் பண்றது? கணக்கோட முதலாளிக்கே உரிய, எல்லாக் கதவையும் திறக்கிற சாவியை எடுத்து ப்ரோக்ராம் கையில கொடுத்துட்டேன். 'ஓடுதுல்ல... விடு!'

ஆக, அந்தக் கணக்குக்குள்ள நாலு மனுஷங்களும் ஒரு ப்ரோக்ராமும் ஒரே பேர்ல நடமாடிக்கிட்டு இருந்தோம். அட்டெண்டன்ஸ்ல அஞ்சு பேருக்கும் ஒரே ஆள் 'பிரசன்ட் சார்' சொன்ன மாதிரி!

வியாழன் ராத்திரி... ஞாயிறு காலை

ரிவ்யூவுக்கு 'கோடு லிங்க் அனுப்புங்க'ன்னு கைடு சொல்லிட்டார். வியாழக்கிழமை ராத்திரி மொத்தத்தையும் கிட்ஹப்ல, யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி ஏத்திட்டுப் படுத்தேன். சாவி அந்த கான்ஃபிக் ஃபைலுக்குள்ளேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில பல் தேய்க்கும்போது சுருக்குன்னுது. ஓடிப்போய் அந்த ரெண்டு வரியை அழிச்சு, திரும்ப ஏத்தினேன். லிங்க்ல போய்ப் பார்த்தேன். சாவி இல்லை. 'அப்பாடா, துடைச்சாச்சு'ன்னு மெஸ்ஸுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடலை.

ஞாயிறு காலையில லீடரம்மா போன். குரலே வரலை. 'பில்லு வந்திருக்குடா...'

2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்!

நாங்க வாழ்க்கையில கேள்விப்படாத ஊர்கள்ல இருக்குற டேட்டா சென்டர்கள்ல எல்லாம், எங்க கணக்குல பெரிய பெரிய மெஷின்கள் ஓடிக்கிட்டு இருந்தது. யாரோ கிரிப்டோ கரன்சி தோண்டிக்கிட்டு இருந்தாங்க. மாசக் கடைசியில அக்காவோட கார்டுல இருந்து பணம் எடுக்கப் போறாங்க. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்த வீடு அது.

எல்லாத்தையும் நிறுத்திட்டு, 'யார் பண்ணதுன்னு பார்ப்போம்'னு பதிவேட்டைத் திறந்தோம். வரிசையா எல்லா வரியிலயும் ஒரே பேர்... எங்க கணக்கோட முதலாளி பேர்! அது நானா, லீடரம்மாவா, மாப்ளயா, ப்ரோக்ராமா, இல்லை எங்கேயோ உட்கார்ந்திருக்குற திருடனா? அந்தப் பதிவேட்டுக்கு எல்லாரும் ஒண்ணுதான்.

அந்த செமஸ்டர் முழுக்க மாப்ள பிட்காயின், பிட்காயின்னு பேசிக்கிட்டே இருந்தான். வாங்கக் காசு இல்லாட்டியும் விலையை மட்டும் தினமும் பார்ப்பான். எல்லாக் கண்ணும் அவன் பக்கம் திரும்பிச்சு. 'ஐ.பி. அட்ரஸ் வெளிநாடு காட்டுதே'ன்னு லீடரம்மா இழுத்தா. 'வி.பி.என். போட்டிருப்பான்'னான் பைண்டிங் ஆசாமி. இந்த மாதிரி நேரத்துல மட்டும் அவனுக்கு டெக்னிக்கல் அறிவு எங்கிருந்து வந்ததோ!

'நான் பண்ணலைடா'ன்னான் மாப்ள. என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். யாரும் பதில் பேசலை.

நானும் பேசலை.

சத்தியமா சொல்றேன்... அவன்தான் பண்ணான்னு நான் நினைக்கலை. வெள்ளிக்கிழமை அழிச்ச அந்த ரெண்டு வரி மனசுக்குள்ள உறுத்திக்கிட்டேதான் இருந்தது. 'அதுதான் அழிச்சாச்சே, அதுவா இருக்காது'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நாலு நாள். ஒரே ரூம். ஒரே ஃபேன். அவன் சுவத்தைப் பார்த்துப் படுத்திருப்பான். நான் ஃபேனைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

வியாழக்கிழமை கிளவுட் கம்பெனியோட சப்போர்ட்ல இருந்து மெயில். 'உங்கள் சாவி இந்தப் பொது இடத்தில் இருக்கிறது'ன்னு ஒரு லிங்க். லீடரம்மா க்ளிக் பண்ணா. என் பேர், என் போட்டோ, ராத்திரி ரெண்டு மணி. கீழே சாவி பளிச்சுன்னு!

மாப்ள கத்தலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: 'நாலு நாளும் உனக்குத் தெரியும்ல?'

அன்னிக்கு சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டான்.

துடைச்சா போகாது பாஸ்!

நான் அழிச்சேனே, அப்புறம் எப்படி இருந்தது? அது கிட்ஹப்போட குறை இல்லை, என் அறியாமை. கிட்டுங்கற மென்பொருளே பழசை மறக்காம வைக்கிறதுக்காக உண்டாக்கினது. இன்னிக்கு ஒரு வரியை அழிச்சா இன்னிக்கு நிலவரத்துலதான் அது இருக்காது. நேத்திக்கு நிலவரம் அப்படியே பத்திரமா இருக்கும். போதாததுக்கு, பொது இடத்துல வந்து விழுற புதுக் கோடுல சாவி மாதிரி ஏதாவது தெரியுதான்னு தேடறதுக்குன்னே ராப்பகலா ஓடுற திருட்டு ப்ரோக்ராம்கள் இருக்கு. சில நிமிஷம் போதும். நான் காலையில பல் தேய்க்கறதுக்குள்ள அவன் தோண்ட ஆரம்பிச்சுட்டான்.

அதனால இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க: சாவி வெளியே போயிட்டா அழிக்கறதுல பிரயோஜனம் இல்லை. அந்தச் சாவியையே உடனே செல்லாததாக்கிட்டுப் புதுசு வாங்கணும். அப்புறம் முதல் வேலையா டீம்ல சொல்லணும். வெள்ளிக்கிழமை காலையிலயே இந்த ரெண்டையும் பண்ணியிருந்தா, மெஷின்கள் அன்னிக்கே நின்னிருக்கும். பில்லும் இந்த அளவு ஏறியிருக்காது. மாப்ள ரூமை மாத்தியிருக்க மாட்டான்.

2024-ல இருந்து கிட்ஹப்ல பொது இடத்துக்குக் கோடு ஏத்தும்போதே, தெரிஞ்ச வகை சாவி கண்ணுல பட்டா தடுத்து நிறுத்துறாங்க. நல்ல விஷயம். ஆனா, நீங்களா வெச்ச டேட்டாபேஸ் பாஸ்வேர்டு 'முருகா123'ன்னு இருந்தா அதைச் சாவின்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?

பெரிய கம்பெனிகளும் சறுக்கின இடம்!

'ஸ்டூடண்ட் பசங்க, அதான் சொதப்பிட்டீங்க'ன்னு நினைக்காதீங்க. உபேர் கம்பெனி தெரியும்ல? 2016-ல, அவங்க இன்ஜினீயர்கள் உபயோகிச்ச தனியார் கிட்ஹப் பக்கத்துக்குள்ள திருடங்க நுழைஞ்சாங்க. அங்கே கோடுல கிடந்த கிளவுட் சாவியை எடுத்தாங்க. 5 கோடியே 70 லட்சம் பேரோட தகவல் போச்சு. கம்பெனி ஊருக்குச் சொல்லாம, திருடங்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கிச்சு. 2017 நவம்பர்லதான் வெளியே வந்தது. அப்போ செக்யூரிட்டி தலைவரா இருந்தவரை 2022-ல அமெரிக்க நீதிமன்றத்துல குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க. எதுக்குத் தெரியுமா? சாவி களவு போனதுக்கு இல்லை... மறைச்சதுக்கு! அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.

டொயோட்டா கதை வேற மாதிரி. கார் வாடிக்கையாளர் சேவைக்கான கோடுல ஒரு பகுதியை, வேலை எடுத்துச் செஞ்ச வெளி நிறுவனம் 2017 டிசம்பர்ல தவறுதலா பொதுவுல போட்டுடுச்சு. உள்ளே ஒரு சாவி. கண்டுபிடிச்சது 2022 செப்டம்பர்ல! 2,96,019 பேரோட இ-மெயில் முகவரி வெளியே போயிருக்கலாம்னு கம்பெனியே அறிவிச்சது. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஒரே சாவி, மாத்தாம, தேடாம!

மூணாவது, கிளவுட்ஃப்ளேர். செக்யூரிட்டியே தொழிலா வெச்சிருக்குற கம்பெனி. 2023 அக்டோபர்ல, அவங்க லாக்-இன் சேவைக்காக நம்பியிருந்த ஒக்டாவுல திருட்டு நடந்தது. அதுல இவங்களோட சாவிகளும் போச்சு. உஷாரா எல்லாத்தையும் மாத்தினாங்க... ஒரு டோக்கன், மூணு சர்வீஸ் அக்கவுன்ட் தவிர. 'யாரும் உபயோகிக்கறது இல்லை'ன்னு தப்பா நினைச்சு விட்டுட்டாங்க. நவம்பர்ல திருடன் அந்த நாலு வழியாத்தான் உள்ளே வந்தான். அப்புறம் 5,000-க்கும் மேல சாவிகளை மாத்தினாங்க. நடந்ததை அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. அதுக்கு ஒரு சல்யூட்!

இந்த மூணு கதையிலயும், வெளியே போனது மனுஷனோட பாஸ்வேர்டு மட்டும் இல்லை. ஆளில்லாம ஓடுற மென்பொருளுக்குக் கொடுத்த சாவியும்தான். வேலையை விட்டுப் போற மனுஷனுக்கு ஃபேர்வெல் வைப்பாங்க, கார்டைத் திருப்பி வாங்குவாங்க. வேலை முடிஞ்ச ப்ரோக்ராமுக்கு யார் ஃபேர்வெல் வைக்கறாங்க? அது ஓய்வுக்குப் போனாலும் அதோட சாவி ஓய்வுக்குப் போறதில்லை.

சரி, என்னதான் பண்ணணும்?

இப்போ சென்னையில ஒரு கம்பெனியில என் வேலையே இதுதான். எந்த ப்ரோக்ராம் எந்தக் கதவைத் திறக்கலாம், எவ்வளவு நேரம், யார் பொறுப்பு... இதைப் பார்த்துக்கறது. நான் பார்த்துக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஒண்ணு, ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனி அடையாளம். பஸ் தகவலை வாங்கற ப்ரோக்ராமுக்கு ஒண்ணு, ராத்திரி பேக்கப் எடுக்கற ஸ்கிரிப்ட்டுக்கு இன்னொண்ணு. எங்களுக்கு அப்படி இருந்திருந்தா பதிவேட்டைப் பார்த்த உடனே, 'இது ப்ரோக்ராமோட சாவி. அது வெளியே போயிருக்கு'ன்னு தெரிஞ்சிருக்கும். மாப்ள பேர் அடிபட்டிருக்கவே அடிபடாது.

ரெண்டு, தேவைக்கு மேல அனுமதி கொடுக்காதீங்க. எங்க ப்ரோக்ராமுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். அதை மட்டும் கொடுத்திருந்தா, திருடனுக்குக் கிடைச்சிருக்கறது பஸ் எந்த ஸ்டாப்புல நின்னதுங்கற தகவல்தான். ஒரு மெஷினைக்கூட ஆன் பண்ணியிருக்க முடியாது.

மூணு, நிரந்தரச் சாவியே வேண்டாம். 'கோடுல வைக்காதே, ரகசியப் பெட்டியில வை'ன்னு சொல்லுவாங்க. நல்லதுதான். ஆனா, அந்தப் பெட்டியோட சாவியை எங்கே வைக்கறது? அதுக்கு ஒரு பெட்டி, அதுக்கு ஒரு சாவி... முடிவே இல்லை! இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. ப்ரோக்ராம் எந்த மெஷின்ல ஓடுதோ, அந்த மெஷினை நடத்துற கிளவுடுக்கு அது யாருன்னு ஏற்கெனவே தெரியும். அதுவே, 'ஆமா, இவர் நம்ம ஆள்தான்'னு சாட்சி சொல்லி, சில மணி நேரத்துல காலாவதியாகற ஒரு டோக்கனைக் கொடுக்கும். மெஸ் டோக்கன் மாதிரி... இன்னிக்கு மதியச் சாப்பாட்டு டோக்கனை வெச்சு நாளைக்கு டிபன் வாங்க முடியுமா? களவு போனாலும் கொஞ்ச நேரத்துல அது வெறும் காகிதம்.

குபர்னெட்டீஸ் படிக்கறவங்க கவனிங்க. முன்னே எல்லாம் ஒவ்வொரு சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கும் காலாவதியே இல்லாத டோக்கன் தானா உண்டாகும். 2022-ல வந்த 1.24 பதிப்புல இருந்து அதை நிறுத்திட்டாங்க. ஸ்பிஃபின்னு ஒரு பொதுத் தரமே இருக்கு. எந்த கிளவுடா இருந்தாலும், ப்ரோக்ராம் எங்கே, எப்படி ஓடுதுன்னு சரிபார்த்து அதுக்கு ஒரு குறுகிய கால அடையாளச் சான்று கொடுக்கறதுதான் அதோட வேலை. இன்டர்வியூல சொல்லிப் பாருங்க... எதிர்ல இருக்கறவர் நிமிர்ந்து உட்காருவார்!

ஆனா உஷார்! குறுகிய கால டோக்கன் இருந்தாலே தப்பிச்சோம்னு அர்த்தம் இல்லை. 2019-ல அமெரிக்காவுல கேப்பிட்டல் ஒன் வங்கியில நடந்த திருட்டுல எடுத்தது தற்காலிகச் சாவிதான். ஆனா, அந்த அடையாளத்துக்கு அனுமதி தாராளமா இருந்தது. அமெரிக்கா, கனடா ரெண்டும் சேர்த்து 10 கோடிக்கும் மேல ஆட்களோட தகவல் போச்சு. ரெண்டாவது பாயின்ட்டை விட்டுட்டு மூணாவதை மட்டும் பிடிச்சா இதுதான் கதி.

நாலு, ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு மனுஷன் பொறுப்பாளி. எங்க ஆபீஸ்ல ட்ரெய்னியா வர்ற பசங்ககிட்ட நான் முதல்ல கேட்கறது, 'இது என்ன பண்ணும்?' இல்லை. 'இதுக்கு யார் கார்டியன்?' பேர் இல்லாத ப்ரோக்ராமுக்கு அனுமதி இல்லை. அந்த ஆள் வேலையை விட்டுப் போனா, வேற ஆள் பேருக்கு மாத்தின பிறகுதான் போகணும்.

இப்போ உங்க கையில...

எங்க காலத்துல ஒரு ப்ரோக்ராம்தான். இன்னிக்கு நீங்க ஏ.ஐ. ஏஜென்ட்டை வெச்சு அசைன்மென்ட்ல இருந்து ஆப் வரைக்கும் பண்றீங்க. அதுவும் உங்க மெயிலைப் படிக்குது, உங்க கோடை மாத்துது, உங்க பேர்லயே எல்லாம் பண்ணுது. 'எல்லாத்துக்கும் அனுமதி கொடு'ன்னு ஒரு பட்டன் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த பட்டன் ரொம்ப அழகா தெரியும். எனக்கும் தெரிஞ்சது! அது உங்க பேர்ல ஏதாவது பண்ணிட்டா, 'நான் பண்ணலை'ன்னு நீங்க சொல்லணும். அப்போ பதிவேடு உங்களுக்குச் சாட்சி சொல்லுமா? அதை மட்டும் யோசிச்சுக்கிட்டு அந்த பட்டனைத் தொடுங்க.

அக்கா விஷயம்? அக்காவும் நாங்களும் மாத்தி மாத்தி மெயில் எழுதினோம். முதல் தடவைங்கறதால பெரும்பகுதியைத் தள்ளுபடி பண்ணாங்க. மிச்சம் 11 ஆயிரம். ப்ளஸ் டூ பசங்களுக்கு ட்யூஷன் எடுத்து நான் கட்டினேன். ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மார்க்கும் வந்தது. வைவா அன்னிக்கு மாப்ள எனக்குப் பக்கத்துலதான் நின்னான். என் பக்கம் திரும்பவே இல்லை.

போன வருஷம் ஒரு சிநேகிதன் கல்யாணத்துல, பந்தியில பக்கத்து இலை அவனுக்கு. பெங்களூருல இருக்கானாம். ரசம் வரைக்கும் பேச்சே இல்லை. நான்தான் மெதுவா, 'அன்னிக்கே சொல்லியிருக்கணும் மாப்ள'ன்னேன்.

அவன் அப்பளத்தை உடைச்சுக்கிட்டே கேட்டான்: 'இப்பவாவது சாவியைக் கோடுக்கு வெளியே வைக்கறியா?'

'சாவியே வைக்கறதில்லைடா'ன்னேன்.

சிரிக்கலை. ஆனா, பாயசம் வந்தப்போ, 'இவனுக்கு இன்னொரு கரண்டி போடுங்கண்ணே'ன்னு சொன்னான்.

சரி, எழுந்திரிங்க... லேப்டாப்பைத் திறந்து அந்த கான்ஃபிக் ஃபைலைப் பாருங்க. ஏதாவது கண்ணுல பட்டா, முதல்ல சாவியை மாத்துங்க. உடனே டீம்ல சொல்லுங்க. நாலு நாள் எல்லாம் வேண்டாம்!